நாலு கார்டு, நாலு ஓட்டம்

"அக்கா, மெஷின்ல நாலு ஜிபியு இருக்கு. நாலையும் குடுத்துத்தான் ஓட்டினேன். ஆனா ஒண்ணுல ஓடினதவிட மெதுவா ஓடுது. ஏதாவது கார்டு போயிடுச்சா?"

இப்படி ஒரு வாட்ஸப் செய்தி யாராவது ஓர் ஆராய்ச்சி மாணவரிடமிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. ஊர் மாறும், கல்லூரி மாறும், கேள்வி மட்டும் மாறாது. கார்டு ஒன்றும் போகவில்லை தம்பி. அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆளுக்கு ஆள் தனியாகத் தட்டச்சு செய்து என் கட்டைவிரல் தேய்வதற்கு, இங்கேயே எழுதி வைத்துவிட்டால் சுட்டியை அனுப்பிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டியில் நாலு கார்டு இருந்தால், ஒரு சிமுலேஷனை நாலாகப் பிய்க்காதீர்கள். நாலு சிமுலேஷன் ஓட்டுங்கள். விதிவிலக்கு உண்டு, அதற்கும் வருகிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்த விதிவிலக்கில் வர மாட்டார்கள்.

பேச்சு க்ரோமாக்ஸ் பற்றியது. புரதம், சவ்வு, தண்ணீர், உப்பு என்று அத்தனை அணுக்களையும் ஒரு பெட்டியில் வைத்து, நியூட்டன் விதிப்படி அடுத்த கணம் எது எங்கே நகரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகும் மென்பொருள். 1990களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் பெரெண்ட்சென் குழுவில் பிறந்தது. இப்போது வளர்ப்பவர்களில் முக்கியமானவர்கள் ஸ்வீடனில் இருக்கிறார்கள். காசு கிடையாது, மூல நிரல் திறந்தே கிடக்கிறது. பல ப்ராசசர்களை வளையமாகக் கோத்து அவர்களே கட்டிய ஓர் இயந்திரத்தில் ஓட்டுவதற்காகத்தான் இதை முதலில் எழுதினார்கள். ஆகவே, "இதற்கு வேலையைப் பங்குபோடத் தெரியவில்லை" என்று குறை சொன்னால் எடுபடாது. பங்குபோடுவது அதன் பிறவிக் குணம். மவுஸால் அழுத்த ஒரு பட்டன்கூடக் கிடையாது. டெர்மினலைத் திறந்து 'ஜிஎம்எக்ஸ் எம்டிரன்' என்று அடித்து, பின்னால் நமக்கு வேண்டிய ஆப்ஷன்களை அடுக்க வேண்டியதுதான்.

சரி, ஏன் நாலு கார்டு போட்டால் நாலு மடங்கு வேகம் வருவதில்லை? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் பாதி புரிந்துவிடும்.

இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் முதலில் கை வைப்பது லைசோசைம் மீதுதான். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் நொதி, 129 அமினோ அமிலம். தண்ணீர்ப் பெட்டிக்குள் இறக்கினால் மொத்தம் சுமார் 34,000 அணுக்கள். ஒரு படிக்கு 2 ஃபெம்டோ செகண்டு என்று நகர்த்துவது வழக்கம். ஒரு மைக்ரோ செகண்டு பார்க்க ஆசைப்பட்டால் 50 கோடி படிகள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். படிகளைப் பிரித்து ஆளுக்குப் பாதி என்று கொடுக்க முடியாது, ஏனென்றால் இந்தப் படியில் அணு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அடுத்த படியில் அதன் மேல் என்ன விசை என்று சொல்ல முடியாது.

நல்ல கார்டு ஒன்றில் இந்த அளவு அமைப்பு ஒரு நாளைக்குச் சில நூறு நானோ செகண்டு ஓடும். கணக்குக்கு 500 என்று வைத்துக்கொள்வோம். அதாவது 25 கோடி படி. ஒரு நாளில் இருப்பது 86,400 செகண்டு. வகுத்துப் பாருங்கள்: ஒரு படிக்கு சுமார் 0.35 மில்லி செகண்டு.

(ஓர் இடைச்செருகல். 1977இல் மெக்கேமன், ஜெலின், கார்ப்ளஸ் மூவரும் ஒரு சின்னப் புரதத்தை, சுற்றிலும் தண்ணீர்கூட இல்லாமல், சுமார் 9 பிக்கோ செகண்டு ஓட்டிக் காட்டினார்கள். புரதத்தை இப்படி ஓட்டிப் பார்த்தது அதுதான் முதல் முறை. நாளுக்கு 500 நானோ செகண்டு என்ற வேகத்தில், அந்த 9 பிக்கோ செகண்டு இன்று ஒன்றரை செகண்டு வேலை. கார்ப்ளஸுக்கு 2013இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நமக்குக் கிடைப்பது 'ஏன் மெதுவாக ஓடுகிறது' என்ற கவலை.)

அந்த 0.35 மில்லி செகண்டுக்குள் கார்டு என்னென்ன செய்து முடிக்கிறது என்று பாருங்கள். ஏறத்தாழ ஒரு நானோ மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் அணு ஜோடிகளுக்கெல்லாம் ஒன்றுக்கொன்று இழுப்பு, தள்ளல். அதைத் தாண்டிய தூரத்து மின்விசைகளுக்கு பிஎம்இ என்ற தனிக் கணக்கு: மின்னூட்டங்களை ஒரு கட்டவலையில் பரப்பி, முப்பரிமாண ஃபூரியர் உருமாற்றம் செய்து, திரும்பவும் அணுக்களுக்குக் கொண்டுவருவது. பிறகு வேதிப்பிணைப்புகளின் விசை. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி அணுக்களை நகர்த்தி, பிணைப்பு நீளங்களைச் சரிபார்ப்பது.

இவை ஒரே நாளில் ஜிபியுவுக்குக் குடிபோகவில்லை. 2013இல் வந்த 4.6 பதிப்பில் பக்கத்து ஜோடிகளின் கணக்கு மட்டும் போனது. 2018 பதிப்பில் பிஎம்இ, 2019இல் வேதிப்பிணைப்பு விசைகள், 2020இல் அணுவை நகர்த்தும் வேலையும் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்னால் ஒவ்வொரு படியிலும் சிபியுவுக்கும் கார்டுக்கும் இடையே தரவு போய் வந்துகொண்டே இருக்கும். இப்போது அணுக்கள் கார்டுக்குள்ளேயே குடியிருக்கின்றன. சிபியு அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும். 'என்பி', 'பிஎம்இ', 'பாண்டட்', 'அப்டேட்' என்று நாலு ஆப்ஷன் இருக்கிறது. நாலுக்கும் 'ஜிபியு' என்று கொடுத்துவிட்டால் முழுப் படியும் ஒரே கார்டில் முடியும். சாதாரணப் புரத ஓட்டம் ஒரு கார்டில் இவ்வளவு வேகமாக ஓடக் காரணம் இதுதான்.

இப்போது இதை நாலு கார்டுக்குப் பிரித்துப் பார்ப்போம். பெட்டியைத் துண்டு போட்டு ஆளுக்கொரு துண்டு கொடுக்க வேண்டும். துண்டின் ஓரத்தில் இருக்கும் அணுக்களுக்குப் பக்கத்துத் துண்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எனவே ஒவ்வொரு படியிலும் ஓரத்து அணுக்களின் இடத்தை அனுப்ப வேண்டும், விசையைத் திருப்பி வாங்க வேண்டும். பிஎம்இ-க்கு இன்னும் சிக்கல்: அந்தக் கட்டவலைக் கணக்கில் எல்லோருக்கும் எல்லோருடைய தரவும் வேண்டும். அதனால் வழக்கமாக அதை ஒரு கார்டிடம் ஒப்படைத்துவிட்டு மற்ற மூன்றும் பக்கத்து ஜோடிகளைப் பார்க்கும். மூன்றும் முடித்துவிட்டு அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும், அல்லது அந்த ஒன்று முடித்துவிட்டு மூன்றுக்காகக் காத்திருக்கும். ஒரு தோசையை நாலு பேர் நாலு கரண்டியோடு சுற்றி நின்று திருப்புகிற கதை.

அனுப்புகிற தரவின் அளவு பெரிதா என்றால், இல்லை. 34,000 அணுக்களின் இடத்தைக் குறிக்க அணுவுக்கு 12 பைட் வீதம் 400 கிலோபைட் சொச்சம். நாலாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில், 16 தடமும் இருந்தால், காகிதக் கணக்குப்படி ஒரு செகண்டுக்கு 32 ஜிகாபைட் ஒரு திசையில் போகும். மொத்த அமைப்பையும் அனுப்பினால்கூட 13 மைக்ரோ செகண்டுதான். நேரத்தைத் தின்பது காத்திருப்பு. ஒவ்வொரு கணக்கையும் கார்டில் தொடங்கிவைக்கவே சில மைக்ரோ செகண்டு ஆகிறது. ஒரு படிக்குள் அப்படிப் பல தொடக்கங்கள், பல 'நீ முடித்தாயா, நான் தொடங்கட்டுமா'க்கள். மொத்தமே 350 மைக்ரோ செகண்டு என்கிறபோது, அதை நாலாகப் பிரித்தால் பங்குக்கு 90கூட இல்லை. அதற்குள் இத்தனை விசாரிப்பு எங்கே அடங்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் 16,384 கூடா கோர்கள். 34,000 அணுக்களை நாலாகப் பிரித்தால் கார்டுக்கு 8,500 அணு. கோருக்கு ஓர் அணு என்று நேரடியாக ஒதுக்குவதில்லைதான், ஆனால் நிலவரம் புரியும். பந்தியில் இலை அதிகம், ஆள் குறைவு.

அந்த மாணவருக்கு வேகம் ஏறாமல் போனதோடு நிற்கவில்லையே, குறைந்தே போனதே? அதற்குக் காரணம் தனி, அது பலருக்கும் தெரிவதில்லை. எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் எம்டிரன்னை ஓட்டினால் அது தானாகவே முடிவெடுக்கும். ஒரே கார்டு கண்ணில் பட்டால் பிஎம்இ-யையும் அதிலேயே போட்டுவிடும். பல கார்டுகள் தெரிந்தால், நீங்கள் குறிப்பாகச் சொல்லாதவரை, பிஎம்இ-யைச் சிபியுவிடம் விட்டுவிடும். அதாவது கார்டு அதிகமானதும் வேலையின் ஒரு பெரிய பகுதி ஜிபியுவிலிருந்து கீழே இறங்கிவிடுகிறது! நிஜமாகவே நாலையும் ஒரே ஓட்டத்துக்குக் கொடுக்க வேண்டுமானால், 'என்டிஎம்பிஐ 4' என்று நாலு பங்காளிகளைக் கேட்டு, 'என்பிஎம்இ 1' என்று அதில் ஒருவரை பிஎம்இ-க்கு ஒதுக்கி, 'பிஎம்இ ஜிபியு' என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஓட்டம் தொடங்கும்போதே எந்த வேலை எந்தக் கார்டுக்குப் போனது என்று லாக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதிவிடுகிறது. 'பிபி:0, பிபி:1, பிபி:2, பிஎம்இ:3' என்கிற மாதிரி ஒரு வரி ('பிபி' என்பது பக்கத்து ஜோடிகளைப் பார்க்கும் பங்காளி, எண் கார்டினுடையது). அதை யாரும் படிப்பதில்லை. கடைசி வரியில் வேகம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள்.

இனி நான் செய்வது. ஒரு புது மெஷினில் உட்கார்ந்ததும் முதலில் அடிப்பது 'என்விடியா-எஸ்எம்ஐ'. எந்தெந்தக் கார்டு, எவ்வளவு நினைவகம், யார் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பொது மெஷினில் இது மரியாதையும்கூட. அடுத்து அதே கட்டளையோடு 'டோப்போ' என்று சேர்த்து 'எம்' ஆப்ஷன் கொடுத்தால் ஓர் அட்டவணை வரும்: எந்தக் கார்டுக்கும் எந்தக் கார்டுக்கும் நடுவில் என்ன பாதை. 'என்வி' என்று தொடங்கினால் என்விலிங்க், நேர் பாதை. 'பிக்ஸ்' என்றால் ஒரே பிசிஐஇ ஸ்விட்சுக்குக் கீழே இரண்டும் இருக்கின்றன. 'சிஸ்' என்று இருந்தால் ஒரு சிபியு சாக்கெட்டிலிருந்து மற்றதற்குத் தாண்டிப் போக வேண்டும், அதுதான் இருப்பதிலேயே நீண்ட சுற்று. ஏ100 போன்ற தரவுமையக் கார்டுகளில் என்விலிங்க் மொத்தம் செகண்டுக்கு 600 ஜிகாபைட் வரை தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3090இல் என்விலிங்க் இருந்தது, 4090இல் எடுத்துவிட்டார்கள். கேம் விளையாடுகிறவர்களுக்கான கார்டுகளை வாங்கி அறிவியல் செய்கிற நம்மைப் போன்ற ஆய்வகங்களுக்கு இது நேரடியாக உறைக்கும். நாலு 4090 என்பது நாலு தனித்தனிக் கார்டு. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு ஓட்டுவதுதான் புத்தி.

நாலு ஓட்டங்களுக்கு நாலு டைரக்டரி. ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டுக் குழப்பக் கூடாது. ஒரே டைரக்டரியில் ஓட்டினால் க்ரோமாக்ஸ் பழைய கோப்பை அழிக்காது, இரு பக்கமும் ஹாஷ் குறி போட்டு எண் கொடுத்து ஓரமாக வைத்துவிடும். நல்ல பழக்கம்தான், ஆனால் அப்படி 99 சேர்ந்ததும் இனி முடியாது என்று நின்றுவிடும். சில மாணவர்களின் டைரக்டரியைத் திறந்தால் ஹாஷ் குறிகளாலேயே கோலம் போட்டிருக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு கார்டு மட்டும் தெரியும்படி செய்ய, கட்டளைக்கு முன்னால் 'கூடா_விசிபிள்_டிவைசஸ்' என்ற சூழல் மாறியில் அந்தக் கார்டின் எண்ணைக் கொடுப்பேன். இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று: 2 என்று கொடுத்துவிட்டால், ஓட்டத்துக்குள் அந்தக் கார்டின் பெயர் 0 ஆகிவிடும். திரும்பவும் 'ஜிபியு_ஐடி 2' என்று கொடுத்தால் அப்படி ஒரு கார்டே இல்லை என்று திட்டும். இரண்டாவது இன்னும் விஷமம்: என்விடியா-எஸ்எம்ஐ கார்டுகளை எண்ணுவது பிசிஐ வரிசையில். கூடா தானாக எண்ணுவது வேகமான கார்டு முதலில் என்ற வரிசையில். நாலும் ஒரே ரகம் என்றால் பெரும்பாலும் தெரியாது. பழைய கார்டு ஒன்று, புதியது இரண்டு என்று கலந்திருக்கும் பெட்டியில் நீங்கள் 0 என்று நினைப்பதும் கூடா 0 என்று நினைப்பதும் வேறுவேறு கார்டாக இருக்கும். 'கூடா_டிவைஸ்_ஆர்டர்' என்பதை 'பிசிஐ_பஸ்_ஐடி' என்று ஒருமுறை பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவைத்துவிட்டால் இந்தத் தலைவலி ஒழிந்தது.

அடுத்தது சிபியு கோர்கள். ஜிபியுவே எல்லாம் செய்கிறதே, சிபியு எதற்கு என்று இதைக் கவனிக்காமல் விடுவார்கள். கார்டுக்கு வேலையை எடுத்துக் கொடுப்பது அதுதான். 32 கோர் இருந்தால் ஓட்டத்துக்கு எட்டு: 'என்டிஎம்பிஐ 1', 'என்டிஓஎம்பி 8'. அதோடு 'பின் ஆன்' என்று கொடுத்து, 'பின்ஆஃப்செட்' என்பதில் முதல் ஓட்டத்துக்கு 0, அடுத்ததற்கு 8, பிறகு 16, 24. இந்த ஆஃப்செட்டை மறந்து 'பின் ஆன்' மட்டும் கொடுத்தால் நாலு ஓட்டங்களும் அதே முதல் எட்டுக் கோரில் ஏறி உட்காரும், மீதி 24 கோர் சும்மா வேடிக்கை பார்க்கும். ஹைப்பர்த்ரெடிங் போட்டிருந்தால் ஒரு கோருக்கு இரண்டு எண் என்பதால் இந்தக் கணக்கு மாறும்: 'பின்ஸ்ட்ரைட் 2', ஆஃப்செட் 0, 16, 32, 48.

இத்தனையையும் ஒரு சின்ன பாஷ் லூப்பில் எழுதி, கடைசியில் 'அண்ட்' குறி போட்டுப் பின்னணியில் தள்ளி, எல்லாவற்றையும் டிமக்ஸ் ஒன்றுக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எம்பிஐ சேர்த்துக் கட்டிய க்ரோமாக்ஸ் என்றால் 'மல்டிடிர்' என்ற ஆப்ஷனில் நாலு டைரக்டரியையும் கொடுத்தால் அதுவே கார்டுகளைப் பங்கிட்டுக்கொள்ளும். அழகான வசதிதான். எனக்கு என்னவோ தனித்தனியாக ஓட்டுவதே பிடிக்கிறது. மல்டிடிரில் ஒன்று வெடித்தால் மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

அமைப்பு இன்னும் சிறியது என்றால், ஒரே கார்டில் இரண்டு ஓட்டங்களைக்கூட விடலாம். சும்மா விட்டால் இரண்டும் மாற்றி மாற்றித்தான் கார்டைப் பிடிக்கும். என்விடியாவின் எம்பிஎஸ் என்ற சேவையை முதலில் தொடங்கிவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் கார்டுக்குள் வேலை செய்யும். ஒவ்வோர் ஓட்டத்தின் வேகம் குறையும், ஆனால் இரண்டையும் கூட்டினால் ஒரு நாளைக்குக் கிடைக்கும் மொத்த நானோ செகண்டு கூடும்.

"மொத்தம் கூடி என்ன பயன், எனக்கு வேண்டியது ஒரே நீளமான ஓட்டம்தானே" என்று கேட்பவர்களுக்கு. ஒரே லைசோசைமை, ஒரே அளவுருக்களோடு, தொடக்க வேகங்களை மட்டும் வேறு சமவாய்ப்பு எண்ணிலிருந்து எடுத்து நாலு முறை ஓட்டிப் பாருங்கள். 'ஜென்_சீட்' என்பதில் மைனஸ் 1 போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேகங்கள் வரும். சீக்கிரமே நாலும் நாலு திசையில் போயிருக்கும். இந்தச் சமன்பாடுகளின் இயல்பே அது. ஓர் ஓட்டத்தில் ஒரு வளையம் திறந்தது என்றால், அது புரதத்தின் குணமா, அந்த ஓட்டத்தின் தற்செயலா? ஒற்றை ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு பதில் சொல்ல முடியாது. நாலில் மூன்றில் திறந்தால் பேசலாம். ஆய்வுக்கட்டுரை மதிப்பீட்டாளர்கள் 'ரெப்ளிகா எத்தனை' என்று கேட்பது வீம்புக்கு அல்ல. ஆக, வேகத்துக்கும் நல்லது, அறிவியலுக்கும் நல்லது என்று இரண்டும் ஒரே பக்கம் சாய்கிற அபூர்வமான இடம் இது.

ஓட்டம் முடிந்து புரதத்தின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் திரும்பியது என்று பார்க்க 'ஜிஎம்எக்ஸ் ராமா' என்று ஒரு கட்டளை. அந்த ராமா நம்ம ஜி.என்.ராமச்சந்திரன்தான். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் சி.ராமகிருஷ்ணனும் வி.சசிசேகரனும், அணுக்களைக் கெட்டியான உருண்டைகளாக எடுத்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் எது எதோடு மோதும் என்று கணக்கிட்டு வரைந்த படம். உலகத்தில் எங்கே புரதச் சிமுலேஷன் ஓடினாலும், அது சரியாக ஓடியதா என்று பார்க்க அந்தப் படத்தில் புள்ளி வைத்துத்தான் ஆக வேண்டும். நாலு ஜிபியு சூடேறி முடித்த பிறகும் கடைசித் தணிக்கை கிண்டி பக்கத்துக் கணக்கில்தான்.

விதிவிலக்குக்கு வருகிறேன். அமைப்பு பெரிது என்றால் பிரிப்பது லாபம். ஒரு முழு வைரஸ் போல: சேட்டிலைட் டொபாக்கோ மொசைக் வைரஸ், தண்ணீரோடு சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேல் அணு. கிளாஸ் ஷுல்டன் குழுவினர் 2006இல் அதை முழுதாக ஓட்டிக் காட்டினார்கள். மென்பொருள்களின் வேகத்தை ஒப்பிட இன்றும் அதையே ஓட்டுகிறார்கள். அவ்வளவு பெரிய பெட்டியில் ஒரு படிக்கான வேலை கார்டை நிரப்பும், ஓரத்துப் பரிமாற்றம் மொத்தத்தில் சிறு பங்காகிவிடும். என்விலிங்கும் இருந்துவிட்டால் தாராளமாகப் பிரியுங்கள். அப்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 'ஜிஎம்எக்ஸ்_எனேபிள்_டைரக்ட்_ஜிபியு_காம்' என்ற சூழல் மாறியை 1 ஆக்கினால் கார்டுகள் சிபியு நினைவகத்தைச் சுற்றாமல் நேரே பேசிக்கொள்ளும். 'என்எஸ்டிலிஸ்ட்' என்பதை 200, 300 என்று உயர்த்திப் பாருங்கள். அண்டை அணுப் பட்டியலைப் புதுப்பிக்கும்போதுதான் பெட்டியை மறுபடி பங்கிடும் வேலையும் நடக்கிறது, அதை அரிதாக்கினால் நல்ல மிச்சம். துல்லியம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பட்டியலின் ஓர இடைவெளியை அதற்கேற்ப அதுவே அகலப்படுத்திக்கொள்ளும்.

எதுவானாலும் அளந்து பாருங்கள், என் பேச்சை நம்பாதீர்கள். அளப்பதிலும் ஒரு நுணுக்கம். முதல் சில ஆயிரம் படிகளில் எம்டிரன் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளப் பார்க்கும். வெட்டுத் தூரத்தையும் கட்டவலையின் அளவையும் மாற்றி மாற்றி, எது வேகம் என்று சோதிக்கும். அந்த நேரத்தைச் சேர்த்து அளந்தால் பொய்யான எண்தான் வரும். 'ரீசெட்ஹ்வே' கொடுத்தால் பாதி ஓட்டம் முடிந்ததும் கடிகாரத்தைப் பூஜ்யமாக்கி அங்கிருந்து அளக்கும். லாக் கோப்பின் அடியில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று அட்டவணை இருக்கும். 'வெயிட் ஜிபியு' என்று தொடங்கும் வரிகள் பெரிதாக இருந்தால் சிபியு கார்டுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். டெர்மினலிலோ, சம்பந்தமே இல்லாமல் யாரோ சொன்ன ஒரு பொன்மொழியோடு க்ரோமாக்ஸ் விடைபெறும். வேகம் மோசமான நாட்களில் அதைப் படித்தால் எரிச்சல் வரும், எச்சரிக்கை.

என்விடியா-எஸ்எம்ஐயில் தெரியும் 'ஜிபியு யூட்டில்' சதவீதத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். கடந்த சிறு இடைவெளியில் எவ்வளவு நேரம் கார்டில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. 16,384 கோரில் நூறு கோர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தாலும் 100 என்று காட்டலாம். நாலு கார்டும் 90க்கு மேல் என்று திரையைப் படம்பிடித்து அனுப்புகிறவர்களுக்கு நான் பதிலாக அனுப்பச் சொல்வது லாக் கோப்பின் வாலை.

சொந்த மெஷின் இல்லாமல் பொதுக் கணினியகத்தில் ஓட்டுபவர்களுக்கு இந்த உபதேசம் இன்னும் பொருந்தும். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் 2022இல் திருச்சி என்ஐடியில் பரம் பொருள் வந்தது, 838 டெராஃப்ளாப். இந்த மாதிரி இடங்களில் வழக்கமாக ஸ்லர்ம் வரிசையில் நிற்க வேண்டும். நாலு கார்டு ஒரே நேரத்தில் காலியாகட்டும் என்று காத்திருக்கும் ஒரு வேலையைவிட, ஒரு கார்டு கேட்கும் நாலு வேலைகள் இடுக்கில் புகுந்து சீக்கிரம் ஓடிவிடும். 'எஸ்பேட்ச்' கோப்பில் 'அர்ரே' போட்டு 1 முதல் 4 என்று கொடுத்தால் ஒரே கோப்பில் காரியம் முடிந்தது. இங்கே கூடா_விசிபிள்_டிவைசஸை நீங்கள் தொடாதீர்கள், ஸ்லர்மே எழுதித் தரும். நேரக் கெடு 24 மணி என்றால் 'மேக்ஸ்ஹெச் 23.5' கொடுங்கள், கெடுவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒழுங்காக எழுதி மூடிவிட்டுப் போகும். மறுபடி தொடர 'சிபிஐ'. மேக்ஸ்ஹெச் இல்லாவிட்டாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயின்ட் எழுதுவதால் கரண்ட் போனால் நஷ்டம் அவ்வளவுதான்.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 4090 ஒன்று 450 வாட் வரை இழுக்கும். நாலு என்றால் 1,800, சிபியு தனி. சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்டில் இதைச் சொருகவே கூடாது, 16 ஆம்பியர் வேண்டும். கார்டுகள் மட்டும் நாள் முழுக்க முழு மூச்சில் ஓடினால் 43 யூனிட். அத்தனையும் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும், அதை வெளியேற்றும் ஏசிக்கு வேறு பில். கார்டு சூடு தாங்காமல் தானாக வேகம் குறைத்துக்கொள்வதைவிட, நிர்வாகி உரிமையோடு என்விடியா-எஸ்எம்ஐயில் 'பிஎல்' கொடுத்து வாட்டை 350க்கு இறக்கிவிடுவது மேல். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, அறையில் மனிதர்கள் உட்காரலாம்.

கடைசியாக, இந்த 'பிரிக்காதே' விதி எல்லா அறிவியல் மென்பொருளுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து மேசையில் க்ரையோ-எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வைத்து ரெலியான் ஓட்டுகிறவர் நாலு கார்டையும் ஒரே வேலைக்குக் கொடுத்து நிம்மதியாக இருப்பார். கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஷோர்ஸ் ஷேரஸ் எழுதியது அது. 2016இல் அதை ஜிபியுவுக்குக் கொண்டுபோனவர்களில் க்ரோமாக்ஸின் எரிக் லிண்டாலும் ஒருவர். அங்கே லட்சக்கணக்கான துகள் படங்கள், ஒரு சுற்றுக்குள் ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுற்று முடிந்ததும் கூட்டிக்கொண்டால் போதும். எனவே தாராளமாகப் பிரியும். ஒன்றே ஒன்று: எம்பிஐயில் ஓட்டும்போது ஒரு பங்காளி மேஸ்திரி வேலை மட்டும்தான் பார்ப்பார், கணக்குப் போட மாட்டார். நாலு கார்டுக்கு 'எம்பிஐரன்' கட்டளையில் 5 என்று கொடுக்க வேண்டும். 4 என்று கொடுத்துவிட்டு ஒரு கார்டு சும்மா கிடக்கிறதே, போயிடுச்சா என்று எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள்.